படமரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே

பிள்ளையார்பாளையத்தில் ரேவதியின் வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் கிடையாது. அவளுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. பதினேழு வருடமாகத் தன் உடம்பைத் தறியில் வைத்துத்தான் அவள் அளந்து வந்தாள்.

தறியின் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால், நெய்த துணி சுருண்டுகொள்ளும் உருட்டு மரம் வயிற்றுக்கு நேர் எதிரே நிற்கும். படமரம் என்று பெயர். கல்யாணமான புதிதில் அந்த மரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே நான்கு விரலைத் தாராளமாக விடலாம். சங்கீதா பிறந்த பிறகு மூன்று. சங்கீதா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, அவள் மிச்சம் வைத்த டிபனெல்லாம் ரேவதியின் பங்காக மாறியபோது இரண்டு. 2020 பொங்கல் கழிந்து மறுபடி தறியில் இறங்கிய அன்று ஒரே ஒரு விரல் நுழைந்தது. அதுவும் சுண்டு விரல்.

அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். தறியில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது பிஸ்தாப் பச்சை. குறுக்கே ஓடும் ஊடை நூலை இறுக்க முன்னால் குனிந்து குனிந்து அடித்ததில், நெய்து முடித்த பட்டின்மேல் வயிறு பட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வியர்வைத் தடம் விழுந்துவிட்டது. பக்கத்துத் தறியில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் குருவின் கண்ணில்தான் அது முதலில் பட்டது.

“இன்னா இது?”

“தண்ணி.”

“தண்ணி எங்கேர்ந்து வந்துது? நம்ம வூட்டுக்குள்ள மட்டும் மழை பேஞ்சுதா?”

ரேவதி முந்தானையால் வயிற்றைத் துடைத்தாள். குரு எழுந்து வந்து, படமரத்தையும் அவளையும் தச்சன் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

“ஆசாரி மணிவண்ணனை வரச் சொல்றேன். உக்கார்ற எடத்த அரையடி பின்னால தள்ளிட்டா சரியாப் பூடும்.”

“தள்ளினா எனக்கு மிதி எட்டாது. நான் இன்னா உங்கள மாதிரி பனைமரமா?”

“அப்போ கொஞ்ச நாளைக்கு நீ தார் சுத்து. இந்தத் தறிக்கு வேற ஆளு பாத்துக்கலாம்.”

தார் சுற்றுவதென்றால், நெய்கிறவருக்கு வேண்டிய ஊடை நூலை ராட்டையில் வைத்துச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுப்பது. கௌரவக் குறைவான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் ரேவதி நெய்த சேலையின் கரை ரூல் போட்டு இழுத்த மாதிரி நேராக வரும் என்று தெருவுக்கே தெரியும். எந்தச் சேலை அவள் கைச் சேலை என்று மடிப்பைப் பார்த்தே சொல்கிறவர்கள் இருந்தார்கள். அந்தத் தறியில் வேறொருத்தர் உட்கார்ந்து நெய்ய, ஓரத்தில் ராட்டையைச் சுற்றிக்கொண்டு அதைப் பார்ப்பதா? அவள் குருவின் பக்கம் திரும்பினாள்.

“ஆறு மாசம் குடுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள இதுல மூணு விரல் போவும். போவலன்னா நானே மணிவண்ணனுக்குப் போன் போடறேன். இல்ல, தார் சுத்தறேன். உங்க இஷ்டம்.”

“மூணு விரலு?”

“மூணு விரலு.”

குரு சிரித்துக்கொண்டே தன் தறிக்குப் போனான். அந்தச் சிரிப்புதான் ரேவதியை அன்று சாயங்காலமே வேளச்சேரியில் இருக்கும் தங்கைக்குப் போன் போட வைத்தது. தங்கை அவளை ‘லேசாகலாம்’ என்ற ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

வகுப்பை நடத்தியவள் ஜெயப்ரியா, சென்னையில் உணவியல் படித்த பெண். முப்பது வயதுகூட இருக்காது. மொத்தம் இருபத்திரண்டு பேர். தினமும் சாப்பிட்டதை ஆப்பில் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை எடை சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் எல்லோரும் கூட வேண்டும். இதெல்லாம் போதாதென்று, கூரியரில் ஒரு கறுப்புப் பட்டை வந்தது. கையில் கட்டிக்கொண்டால் ஒரு நாளைக்கு எத்தனை அடி நடந்தோம் என்று அதுவே எண்ணிக்கொள்ளும். எட்டாயிரம் அடி இலக்கு.

ரேவதி காலையில் குளித்துவிட்டு வலது கையில் கட்டிக்கொண்டாள். சமைத்தாள், துணி துவைத்தாள், தறியில் உட்கார்ந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பார்த்தால் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது.

குழுவில் மற்றவர்கள் நாலாயிரம், ஐயாயிரம் என்று திணறிக்கொண்டிருந்தார்கள். ஜெயப்ரியா உடனே குரல் செய்தி அனுப்பினாள். “ரேவதிக்கா, சூப்பர். மொத நாளே இலக்கத் தாண்டிட்டீங்க. எல்லாரும் அக்காவப் பாத்துக் கத்துக்கங்க.” குழுவில் இருந்த சாமுவேல், அரக்கோணத்துக்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், தட்டெழுத்தில் நிதானமாக எழுதினார். ‘அம்மா, நான் முப்பத்தைந்து வருஷம் ரயிலோடு போனவன். உங்கள் அளவுக்கு எந்த நாளும் போனதில்லை.’

ரேவதிக்குக் கால் தரையில் படவில்லை. எப்படி இத்தனை அடி என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்தான். குழாயடிக்கும் அடுப்புக்கும் கொல்லைக்கும் எத்தனை முறை நடக்கிறோம், எண்ணியா பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டாள். பதினேழு வருஷமாக ஒருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத உழைப்பை ஒரு சின்னப் பட்டை எண்ணிச் சொல்கிறது. அதைச் சந்தேகப்பட அவளுக்கு மனம் வரவில்லை.

அதோடு, அந்த ஆப்பில் ஒரு நல்ல குணம் இருந்தது. இலக்கைத் தாண்டி நடந்தால் பச்சையாக ஒரு கோடு நீளும். இன்றைக்கு இன்னும் நானூறு கலோரி சாப்பிடலாம் என்று சொல்லும். தெருமுனை டிபன் கடையில் காலை பத்து மணிக்குக் கோவில் இட்லி இறங்கும். மிளகும் சுக்கும் நெய்யும் மணக்கிற தடித் துண்டு. முன்பெல்லாம் அதைச் சாப்பிடும்போது ரேவதிக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருக்கும். இப்போது கையில் பச்சைக் கோடு இருந்தது. ஒரு துண்டு இரண்டாகியது.

மார்ச் நடுவில் மருந்துக்கடை எடை மெஷினில் ஏறி நின்றாள். சேர்ந்த அன்று எண்பத்தொன்று புள்ளி நான்கு. இப்போது எண்பத்திரண்டு புள்ளி ஆறு.

ஜெயப்ரியா தனியாகப் போன் செய்தாள். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டெய்லி பதினோராயிரம் அடி நடக்கறீங்க. வெயிட் ஏறுதுன்னா, சாப்பாட்டுல ஏதாவது எழுதாம விட்டுர்றீங்களோ?”

“நான் எதையும் மறைக்கலமா. ரெண்டு துண்டு இட்லி துன்னா ரெண்டுன்னுதான் போடறேன். உன் ஆப்புதான் துன்னு துன்னுன்னு பச்சக்கொடி காட்டிக்கினு இருக்குது.”

“கணக்குப்படி நீங்க எளைக்கணுமேக்கா.”

“அப்போ உன் கணக்கு என்னப் பத்தி இன்னா சொல்லுது?”

பொய் சொல்கிறாள் என்று அந்தப் பெண் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட ரேவதிக்கு இத்தனை உறுத்தியிருக்காது.

அடுத்த வாரம் ஊரடங்கு வந்தது.

தறியில் இருந்த பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், ஏப்ரல் முதல் வாரம் வரை ஓடியது. அது தீர்ந்த அன்று ரேவதி சேலையை அறுத்து மடித்து வைத்தாள். புதுப் பாவு வர வழியில்லை. குருவின் தறி அதற்கு நாலு நாள் முன்பே நின்றிருந்தது. வீடு சத்தமில்லாமல் கிடந்தது.

மறுநாள் ராத்திரி பட்டையைப் பார்த்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.

தட்டிப் பார்த்தாள். சங்கீதாவை விட்டு சார்ஜ் போடச் சொன்னாள். அடுத்த நாள் இரண்டாயிரத்து ஐம்பது. குழாயடி அதே குழாயடி, அடுப்பு அதே அடுப்பு, கொல்லை அதே கொல்லை. மிச்ச ஒன்பதாயிரம் அடி எங்கே போயிற்று என்று அவளுக்கு விளங்கவில்லை. சோம்பேறியாகிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, வீட்டை இரண்டு முறை பெருக்கினாள்.

குழுவிலும் ஒருவர் வாயிலும் எண் வரவில்லை. சாமுவேல்தான் முதலில் ஒப்புக்கொண்டார். ‘மூன்று கிலோ ஏறிவிட்டேன். என் மனைவி யூடியூப் பார்த்து பிஸ்கட்டிலேயே கேக் செய்கிறாள். மறுப்பதற்கு இந்த வீட்டில் எனக்கு அதிகாரம் இல்லை.’ உடனே ஒவ்வொருவராக மனம் திறந்தார்கள். ஒருத்திக்கு இரண்டு கிலோ. இன்னொருத்திக்கு நாலரை. வீட்டிலிருந்தே வேலை, மேசையிலேயே சாப்பாடு. கடைசியில் ஜெயப்ரியாவே எழுதினாள். ‘எனக்கும் ஒண்ணரை. அம்மா வீட்டுல மாட்டிக்கிட்டேன். தெனமும் சாயங்காலம் வடை.’

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயப்ரியா சாப்பாட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. “இன்னிக்கு எல்லாரும் உங்க வீட்டுல ஒரு விஷயத்தக் காமிங்க. சும்மா, மனசு நல்லாருக்கட்டும்” என்றாள். ஒருவர் மணிபிளான்ட் காட்டினார். சாமுவேல் தன் பழைய பச்சைக் கொடியைக் காட்டி, ஒருமுறை ஆட்டியும் காண்பித்தார். ரேவதியின் முறை வந்ததும், வீட்டிலிருந்த ஒரே போனைப் பிடித்துக்கொண்டு நின்ற சங்கீதா, “எங்கம்மா தறி காட்டுவாங்க” என்றாள்.

ரேவதி குழிக்குள் இறங்கினாள். படமரம் வயிற்றை அழுத்தியது. சுண்டு விரலுக்கும் இடமில்லை. அதை முந்தானையால் மறைத்துக்கொண்டு, வெறும் தறியில் நெய்வதுபோல் செய்து காட்டினாள். கை கயிற்றை இழுத்து, ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை விடுகிற மாதிரி ஒரு வெட்டு, ஊடையை இறுக்குகிற பலகையை முன்னால் இழுத்து ஒரு அடி. டக், டக். டக், டக். அவள் கை அதற்காக ஏங்கிக்கொண்டிருந்தது போல ஓடியது.

“அம்மா, நிறுத்து” என்றாள் சங்கீதா.

“இன்னாடி?”

“மறுபடி அடி. பத்து தடவ மட்டும் அடி.”

அடித்தாள். சங்கீதா திரையின் ஓரத்தையே பார்த்தாள். அங்கே எல்லோருடைய நடைக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அம்மாவின் பெயருக்கு எதிரே ஆயிரத்து இருநூற்று நான்கு இருந்தது. ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு ஆயிற்று. பிறகு இருபத்துநான்கு.

“மிஸ்” என்றாள் சங்கீதா, ஜெயப்ரியாவிடம். “எங்கம்மா உக்காந்துகினே நடக்கறாங்க.”

ஜெயப்ரியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. “அக்கா, அது கை ஆடறத வெச்சுத்தான் எண்ணும். நீங்க கைய வீசி நடக்கறீங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்கு அது. ஐயோ, நான் உங்களப் போய்ச் சந்தேகப்பட்டேனே.”

“அப்போ மூணு மாசமா நான் நடக்கவே இல்லியா?” என்றாள் ரேவதி.

“அம்மா,” என்றார் சாமுவேல், மிகுந்த மரியாதையோடு, “வண்டி ஸ்டேஷன விட்டே கெளம்பல.”

இருபத்தோரு சன்னல்களிலும் சிரிப்பு. ரேவதிக்கும் சிரிப்பு வந்தது. வந்ததும் கண்ணில் நீரும் வந்தது. போனை அணைக்கச் சொல்லிவிட்டுக் குழியிலேயே உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த குரு, விஷயம் தெரிந்து, கரண்டியும் பஜ்ஜித் தட்டுமாக வந்து நின்றான்.

“அப்போ இந்த மூணு மாசத்துல உக்காந்த எடத்துலயே திருப்பதி போய்ட்டு வந்துட்ட.”

“நடந்து போனேன்னு வேற ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்.”

“மொட்டை மட்டும் போடல.” அவன் ஒரு பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டான். “ஆடிக்கு மூணு மாசந்தான் இருக்குது. மணிவண்ணனுக்கு இப்பவே சொல்லி வெக்கட்டுமா?”

ரேவதி அவன் தட்டைப் பார்த்தாள். பஜ்ஜி பொன்னிறமாக இருந்தது. “ஒண்ணும் வாணாம்” என்றாள்.

மறுநாள் விடிந்ததும் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தெருவின் இரண்டு முனையிலும் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். பைக் வராது, ஆட்டோ வராது. வழக்கமாக அந்த நேரத்தில் தெரு நடுவே யாராவது பாவு இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதற்கென்றே நட்ட கட்டைகள், இந்தக் கோடிக்கு ஒன்று, அந்தக் கோடிக்கு ஒன்று, இப்போது வெறுமனே நின்றன. ஒரு கட்டையிலிருந்து மறு கட்டைக்கு மூன்று சேலைக்கான பாவு நீளும். ரேவதி இந்தக் கட்டையைத் தொட்டுவிட்டு அந்தக் கட்டைக்கு நடந்தாள். அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

எதிர்வீட்டுத் தில்லையம்மாள் வாசலில் தண்ணீர் தெளிக்க வந்தவள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இன்னாடி ரேவதி, எதையாவது தொலைச்சுட்டியா?”

“இன்னும் தொலைக்கல அக்கா. தொலைக்கத்தான் நடந்துகினு இருக்கேன்.”

“எவ்ளோ தூரம் நடந்திருப்ப?”

பட்டையைப் பார்க்க ரேவதிக்கு மனமில்லை. அதைக் கழற்றி அலமாரியில் போட்டிருந்தாள். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். நாற்பது முறை கட்டைக்குக் கட்டை, தடவைக்கு மூன்று. “நூத்தி இருவது பொடவ” என்றாள்.

அதுவே அளவாகிவிட்டது. முதல் வாரம் நூற்றைம்பதில் மூச்சு வாங்கியது. இரண்டாம் வாரம் முந்நூறு. பிறகு காலையும் மாலையுமாக அறுநூறு. தில்லையம்மாள் முதலில் கட்டையில் சாக்கட்டியால் கோடு போட்டு எண்ணிக் கொடுத்தாள். நாலு நாளில் எண்ணுவது போரடித்து அவளும் இறங்கினாள். “உன் பொடவ வேற, என் பொடவ வேற. நான் ஒம்போது கெஜம் கட்டறவ, எனக்குக் கம்மியா எண்ணு” என்று தகராறு செய்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். நால்வரும் ஒருவருக்கொருவர் ஒரு சேலை நீளம் தள்ளியே நடந்தார்கள். கிருமிநாசினி தெளிக்க வந்த நகராட்சி ஆள், “இன்னாமா ஊர்வலம்?” என்று அதட்டினான். “பாவு போடறோம்பா” என்றாள் தில்லையம்மாள். “பாவு எங்க?” “அது வரும்போது வரட்டும். நாங்க ரெடியா இருக்கோம்.” அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ரேவதி தன் கணக்கைச் சேலையிலேயே சொன்னாள். ஜெயப்ரியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், அறுநூறு சேலை என்றால் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் என்று கணக்கிட்டாள். அதைக் கேட்ட சாமுவேலுக்குள் இருந்த கார்டு விழித்துக்கொண்டார். அவள் நடந்த தூரத்தை ரயில் பாதையில் வைத்து எண்ணி, தினமும் ராத்திரி அவரிடமிருந்து ஒரு அறிவிப்பு வரத் தொடங்கியது.

‘ரேவதி எக்ஸ்பிரஸ் இன்று வாலாஜாபாத் வந்தடைந்தது. இரண்டு நிமிடம் நிற்கும்.’

‘செங்கல்பட்டு. காபி சாப்பிடுகிறவர்கள் சர்க்கரை இல்லாமல் சாப்பிடவும்.’

‘இன்று பாலாற்றுப் பாலம். ஜன்னலோரம் உட்காரவும்.’

ரேவதி செங்கல்பட்டுக்குத் தெற்கே போனதே இல்லை. ராத்திரி அந்தச் செய்தி வந்ததும் சங்கீதா போனில் அந்த ஊரின் படத்தை எடுத்துக் காட்டுவாள். மதுராந்தகம் ஏரி, மேல்மருவத்தூர் பக்தர்களின் சிவப்பு உடை, திண்டிவனம் நெடுஞ்சாலை. அடைத்த தெருவுக்குள் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நடந்தே அவள் ஊர் ஊராகப் பார்த்தாள். குழுவில் மற்றவர்களும் வண்டியைக் கிளப்பினார்கள். ஒருத்தி அடுக்குமாடியின் மொட்டைமாடியில், ஒருவர் வீட்டுக் கூடத்தில் சோபாவைச் சுற்றி. சாமுவேல் கொடியைப் பிடித்துக்கொண்டு மாடியில் நடந்தார். கேக்கை எடுத்துக்கொண்டு யாராவது குறுக்கே வந்தால் சிவப்புக் கொடி காட்டுவாராம்.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. மே மாதம் தெருவில் ஒருவருக்கு நோய் வந்து, பதினான்கு நாள் யாரும் வாசல் தாண்டக் கூடாது என்றாகிவிட்டது. வாசல் நிலையிலிருந்து கொல்லைக் கிணறு வரை ரேவதி அளந்தாள். சரியாக இரண்டு சேலை. நடுவில் குருவின் கால் நீட்டிக் கிடக்கும். அவன் ஒரு தலையணையைச் சுவரில் சாய்த்து, சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பான். ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் காலைத் தாண்ட வேண்டும். “தண்டவாளத்துல யாரோ படுத்துக்கினு இருக்காங்க” என்று அவள் சொன்னால், அவன் காலை மடக்கிக்கொண்டு, “சாயந்தரம் பால் பன் பண்ணலாமா?” என்பான்.

அந்த இரண்டு வாரம் அவளுக்குப் பயமும் இருந்தது. தில்லையம்மாள் வீட்டில் யாராவது இருமினால் இங்கே கேட்கும். பயம் வந்தபோதெல்லாம் சாப்பிடத் தோன்றியது. சாப்பிட்டாள், எழுதினாள். சாக்குச் சொல்ல இப்போது பச்சைக் கோடு இல்லை. வகுப்பில் சொன்னபோது, “பரவால்லக்கா, எழுதினீங்கல்ல” என்றாள் ஜெயப்ரியா. பதினைந்தாம் நாள் கதவு திறந்ததும், தில்லையம்மாள் எதிர்வாசலில் முகக்கவசத்தோடு தயாராக நின்றிருந்தாள். “வண்டி எந்த ஸ்டேஷன்ல நிக்குது?” என்று கேட்டாள்.

ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, எல்லோரும் பாஸ் என்று அறிவிப்பு வந்தது. தேர்வு எழுதாமலே தேறிய சங்கீதா தெருவுக்குக் கேட்கச் சிரித்தாள். குரு அரைப்படி ரவையில் கேசரி கிளறினான். ரேவதி இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுத் தொண்ணூறு சேலை கூடுதலாக நடந்தாள். மிச்சத்தைக் குரு பார்த்துக்கொண்டான்.

ஜூலை முதல் வாரம் பாவு வந்தது. இரண்டு தறிக்கும். ஒவ்வொரு இழையாகப் பழைய இழையோடு முடிந்து ஏற்றி முடிக்க நாலு நாள் ஆயிற்று. ஆடி பிறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மணி நாலு. அன்றுதான் அளப்பது என்று முடிவாகியிருந்தது. போனில் இருபத்தோரு முகம். தில்லையம்மாள் நடுவராக வாசல் நிலையிலேயே நின்றுகொண்டாள்.

ஏப்ரலுக்குப் பிறகு ரேவதி குழிக்குள் இறங்கவேயில்லை. அளந்து பார்க்கவும் இல்லை. பயம்தான். புடவை தளர்ந்திருப்பது தெரியும். படமரம் என்ன சொல்லும் என்று தெரியாது. காலை விட்டு இறங்கி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். முன்னால் புதுப் பாவு, தாழம்பூ நிறம், இழுத்துக் கட்டியிருந்தது. மரம் வயிற்றைத் தொடவில்லை.

ஒரு விரல் வைத்தாள். போயிற்று. இரண்டு, போயிற்று. மூன்றாவது விரலைச் சேர்த்துத் தட்டையாகப் பிடித்து விட்டாள். போயிற்று.

“மூச்ச இழுத்துப் புடிச்சிக்கினு இருக்கா” என்றான் குரு.

ரேவதி மூச்சை விட்டாள். விரல் மாட்டவில்லை.

“உன் விரல் குச்சி. விரலுன்னா என் விரல்தான் கணக்கு.”

“இன்னாபா இது அநியாயம்?” என்றாள் தில்லையம்மாள். “பேசறப்போ யார் விரலுன்னு எழுதியா வெச்சிருந்த?”

“வையுங்க” என்றாள் ரேவதி. “உங்க விரலையே வையுங்க.”

குரு குனிந்து தன் தடித்த மூன்று விரலைச் செருகினான். இறுக்கமாகத்தான் போனது, ஆனால் போனது. அவன் விரலை உருவிக்கொண்டான். அப்புறம் அவன் முகம் மெல்ல மலர்ந்தது. “அந்த பிஸ்தா கலர்ல கறை போட்டவளா நீ?” என்றான்.

போனுக்குள் கைதட்டல். சாமுவேலின் பச்சைக் கொடி திரை முழுக்க ஆடியது. “திருச்சிராப்பள்ளி, திருச்சிராப்பள்ளி” என்று வண்டி வந்து சேர்ந்த ஸ்டேஷனை அவர் கூவினார். ஜெயப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு கணக்குச் சொன்னாள். “இந்த பேட்ச்ல பதினாலு பேரு ஏறிட்டீங்க. அஞ்சு பேரு அப்படியே இருக்கீங்க. அதுவே இந்த வருஷத்துக்குப் பெரிய விஷயம். மூணு பேருதான் கொறஞ்சிருக்கீங்க. கடையெல்லாம் மூடி, நூலும் வராம, இட்லியும் இல்லாம, அக்கா ஜெயிச்சதுக்குக் காரணம் என்னன்னு என் ரிப்போர்ட்டுல எப்படி எழுதறதுன்னே தெரியல.”

“தறி நின்னுடுச்சு, நான் நடந்தேன். அவ்ளோதான், எழுதுமா” என்றாள் ரேவதி. அவள் கை அதற்குள் கயிற்றைத் தேடிப் பிடித்துவிட்டது. முதல் ஊடையை விட்டாள். பலகையை இழுத்து அடித்தாள். டக். வயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே காற்று போவது அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு ஊடை. வீட்டுக்குள் அந்தச் சத்தம் திரும்பி வந்தது.

“சரி சரி, நானும் ஆரம்பிக்கறேன்” என்று குரு தன் தறிக்குப் போனான். குழிக்குள் காலை விட்டான். உட்காரப் போனான். பாதியில் நின்றான். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு மறுபடி முயன்றான். படமரம் நகரவில்லை, வயிறும் நகரவில்லை.

சங்கீதா சத்தமில்லாமல் போனை அப்பாவின் பக்கம் திருப்பினாள்.

“தம்பி, சிக்னல் விழல போலிருக்கே” என்றார் சாமுவேல்.

தில்லையம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குரு, பாதி குழிக்குள்ளும் பாதி வெளியிலுமாக இருந்தபடி, மூன்று மாதத்துப் பஜ்ஜியையும் பால் பன்னையும் கேசரியையும் மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பவன்போல் இருந்தான்.

“மணிவண்ணன் நம்பர் யார்கிட்ட இருக்குது?” என்று கேட்டான்.

“எதுக்குங்க மணிவண்ணன்?” என்றாள் ரேவதி, கையை நிறுத்தாமலே. “ஆறு மாசம் டைம் தர்றேன். தை பொறக்கறதுக்குள்ள மூணு விரல் போவட்டும்.”

“அதுவரைக்கும்?”

ரேவதி தறியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பக்கத்தில் இருந்த ராட்டையை மெல்ல அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

மறுநாள் விடிகாலையில் தெருவில் ஐந்து பேர் நடந்தார்கள். ஐந்தாவது ஆள் முப்பதாவது சேலையில் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். தண்ணீர் கேட்டான். பிறகு, பெண்கள் யாருக்கும் கேட்காத குரலில், “ஏ ரேவதி, அந்தப் பட்டை எங்க? சும்மா கெடக்குதே, நான் கட்டிக்கட்டுமா?” என்றான்.

“அலமாரில இருக்குது, எடுத்துக்கோங்க” என்றாள் ரேவதி, அந்தக் கோடிக் கட்டையை நோக்கி நடந்துகொண்டே. “தார் சுத்தறப்போ மட்டும் கழட்டி வெச்சிடுங்க.”